60 தட்டு ஸ்பகெட்டிக்கு ஒரு துருவி: மைக்ரோபிளேன் வாங்கலாமா?

மைக்ரோபிளேன் என்பது குட்டிக் குட்டிப் பல் வைத்த, சீஸும் எலுமிச்சைத் தோலும் மெல்லியதாகச் சீவும் கைத்துருவி. அதை வாங்கலாமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் வீட்டில் நாலு பேருக்குச் சமைப்பவர்கள். அவர்களுக்கு அவசரமே இல்லை. கையில் இருக்கும் கேரட் துருவியின் சின்னக் கண் போதும். ஆனால் 40, 60 பேருக்கு ஒரே நேரத்தில் தட்டு போட வேண்டியவர் என்றால் என் பதில் வேறு. யோசிக்காமல் வாங்குங்கள். தட்டு அழகாக இருப்பதற்கும், அந்தத் தட்டு சூடாகப் போய்ச் சேருவதற்கும் இந்த ஒரு கருவி செய்யும் உதவி பெரியது.

கோவையில் பிறந்தநாள், வளைகாப்பு, அபார்ட்மென்ட் கூட்டம் மாதிரியான சின்ன விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுக்கிறேன். பிரியாணியும் தயிர்சாதமும்தான் முக்கிய வேலை. இப்போது பாஸ்தாவும் சேர்ந்துவிட்டது. பிள்ளைகளுக்காகக் கேட்கிறார்கள், பரிமாறும்போது பெரியவர்களும் ஒரு தட்டு வாங்கிக்கொள்கிறார்கள். நான் அதிகம் செய்வது பூண்டு, ஆலிவ் எண்ணெய், வற்றல் மிளகாய் மட்டும் போட்ட ஸ்பகெட்டி. இத்தாலியில் அக்லியோ எ ஓலியோ என்பார்கள், நேப்பிள்ஸ் பக்கத்துச் சாதாரண வீட்டுச் சாப்பாடு. செலவு குறைவு, ருசி சுத்தம். ஒரே சிக்கல், பார்க்க வெளிறி இருக்கும். தக்காளி சாஸ் என்றால் நிறமே பாதி வேலையைச் செய்துவிடும். இதில் மேலே என்ன தூவுகிறோம், எப்படிக் குவித்து வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இந்தத் துருவி முதலில் சமையலறைக்காக வந்ததே இல்லை. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் கிரேஸ் என்ற குடும்ப நிறுவனம் மரவேலைக்கான அரமாகத்தான் இதைச் செய்து விற்றது. 1990களில் கனடாவில் ஒரு பெண்மணி, கேக்குக்கு ஆரஞ்சுத் தோல் சீவ வழக்கமான துருவி சரிப்படாமல், வீட்டில் இருந்த அந்த அரத்தை எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். தோல் மெல்லிய சீவலாக வந்து விழுந்தது. அதிலிருந்துதான் சமையலறைக்கு வந்தது. கைப்பிடி மாறியது, அடிப்படை மாறவில்லை. சாதாரணத் துருவியில் தகட்டைக் குத்தி ஓட்டை போட்டிருப்பார்கள், அதன் விளிம்பு பொருளைப் பிய்க்கும். இதில் ரசாயனத்தால் தகட்டை அரித்துப் பல் எடுக்கிறார்கள். ஒவ்வொரு பல்லும் ஒரு குட்டிக் கத்தி. பிய்க்காது, சீவும்.

சீவுவதற்கும் பிய்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் கணக்கிலேயே தெரியும். தட்டுக்கு 5 கிராம் சீஸ் என்று வைத்தால் 60 தட்டுக்கு 300 கிராம். கேரட் துருவியில் துருவிய 5 கிராம், தட்டின் நடுவில் ஒரு சின்னக் கட்டியாக உட்கார்ந்துவிடும். இதில் சீவிய அதே 5 கிராம், காற்றோடு லேசாக விழுந்து குவியல் முழுவதும் படரும். சூடான பாஸ்தாவில் உடனே இளகும். பார்ப்பவருக்கு நிறையப் போட்ட மாதிரி இருக்கும், வாயிலும் எல்லாக் கவளத்திலும் கிடைக்கும். விலை கூடின சீஸை எடை போட்டு வாங்குபவருக்கு இது சின்ன விஷயமே இல்லை. துருவிக்கு நான் கொடுத்த பணம் சீஸ் மிச்சத்திலேயே திரும்பிவிட்டது.

சீஸைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பார்மேசான் என்று நாம் சொல்லும் கெட்டிச் சீஸின் இத்தாலிய அசலான பார்மிஜானோ ரெஜ்ஜானோ சைவம் இல்லை. கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட்டால்தான் பாலைத் திரிக்க வேண்டும் என்பது அதன் விதியிலேயே இருக்கிறது. பால் பொருள்தானே என்று சைவ வீட்டு விசேஷத்தில் தூவிவிடக் கூடாது. பாக்கெட்டில் பச்சைப் புள்ளி பார்த்து, சைவ ரென்னட் போட்ட கெட்டிச் சீஸ் வாங்குங்கள். எந்தச் சீஸ் போடுகிறேன் என்பதை வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன். சாப்பிடுபவர் நம்பி வாயில் வைக்கிறார், அந்த நம்பிக்கைதான் இந்தத் தொழில். இன்னொன்று, அக்லியோ எ ஓலியோவில் சீஸ் போடுவது இத்தாலியப் பழைய வழக்கம் இல்லை. நம் பிள்ளைகள் கேட்பதால் போடுகிறேன். கேட்காத இடத்தில் போடாமல், வறுத்த ரொட்டித்தூளோடு நிறுத்திக்கொள்வேன். அதுதான் எனக்கும் பிடித்தது.

ரொட்டித்தூள் தெற்கு இத்தாலியில், சிசிலியில், சீஸ் வாங்க வசதியில்லாதவர்கள் பாஸ்தாவுக்கு மேலே தூவியது. முந்தின நாள் பிரெட்டை உதிர்த்து, ஆலிவ் எண்ணெயில் ஒரு பல் பூண்டோடு பொன்னிறமாக வறுத்தால் போதும். காலையிலேயே வறுத்து, நன்றாக ஆறவிட்டுக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் மாலை வரை மொறுமொறுப்பு போகாது. தூவுவது மட்டும் கடைசியில், தட்டு கையை விட்டுப் போகும் நொடியில்தான். அப்பளத்தை ஏன் முன்கூட்டியே சாம்பாரில் போட்டு வைப்பதில்லையோ, அதே காரணம்தான்.

துருவி உண்மையிலேயே தன் பெயரைக் காப்பாற்றுவது எலுமிச்சைத் தோலில். பூண்டெண்ணெய் பாஸ்தாவுக்கு மேல் ஒரு சிட்டிகை எலுமிச்சைத் தோல் சீவல் விழுந்தால், தட்டு மேசைக்கு வரும் முன்னே வாசனை வந்துவிடும். மஞ்சள் நிறமும் கிடைக்கும். நம் ஊர் எலுமிச்சைக்குத் தோல் மெல்லியது, கொஞ்சம் அழுத்தினாலே கசக்கும் வெள்ளைப் பகுதிக்குப் போய்விடும். அதனால் பழத்தைத் துருவியில் தேய்க்காமல், துருவியைத் தலைகீழாகப் பிடித்து பழத்தின் மேல் லேசாக ஓட்டுங்கள். எங்கே சீவியாயிற்று, எங்கே நிறுத்த வேண்டும் என்பது கண்ணுக்குத் தெரியும், சீவலும் துருவியின் முதுகுப் பள்ளத்திலேயே சேரும். நல்ல மஞ்சளாகப் பழுத்த, வடு இல்லாத பழமாகத் தேர்ந்தெடுத்துக் கழுவித் துடைத்து வைத்துக்கொள்ளவும். நார்த்தங்காய் வேண்டாம், கசப்பு தூக்கலாக இருக்கும்.

பச்சைக்கு நான் போடுவது பார்ஸ்லி. நீலகிரியில் விளைவதால் கோவையில் கிடைப்பது சிரமமில்லை. கொத்துமல்லி போட்டால் கெட்டுவிடாது, ஆனால் வாசனை வேறு பக்கம் போய்விடும். பேசில் இலை தக்காளி சாஸுக்குத்தான் பொருந்தும் என்பது என் எண்ணம். துளசியை அதற்குப் பதிலாகப் போடவே கூடாது, காரமாக மருந்து வாசம் அடிக்கும். பார்ஸ்லியில் கவனிக்க வேண்டியது ஈரம். கழுவி, துணியில் பரப்பி, முழுக்க உலர்ந்த பிறகே நறுக்க வேண்டும். ஈரத்தோடு நறுக்கினால் கட்டி கட்டியாக விழும், தட்டில் பச்சைத் தண்ணீர் ஓடும். ஒரு தட்டில் அது தெரியாது. வரிசையாக 15 தட்டு வைத்தால் பளிச்சென்று தெரியும்.

சரி, இவ்வளவும் தயாரானாலும் தட்டு போடும் முறை சரியில்லை என்றால் வீண். ஒரு தட்டுக்கு 20 நொடி என்றாலும் 60 தட்டுக்கு 20 நிமிடம். முதல் தட்டு ஆறி இறுகிவிடும், எண்ணெய் பிரிந்து அடியில் நிற்கும். அதனால் நான் 15 தட்டாக, நாலு ஈடாகப் போடுகிறேன். ஆளுக்கு 80 கிராம் காய்ந்த ஸ்பகெட்டி என்றால் மொத்தம் 5 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, ஒரு ஈட்டுக்கு 1.2 கிலோ. 100 கிராமுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு 10 கிராம் உப்பு என்பது இத்தாலியர் கணக்கு. 5 கிலோவுக்கு 50 லிட்டர் கொதிக்க வைப்பதெல்லாம் வீட்டு விசேஷத்தில் நடக்காது. பாக்கெட்டில் போட்ட நேரத்துக்கு 3 நிமிடம் முன்பே வடித்து, எண்ணெய் பிசறி, பெரிய ட்ரேக்களில் பரப்பி ஆறவைப்பேன். பரிமாறும் நேரத்தில் ஒவ்வொரு ஈடாகக் கொதிநீரில் முக்கி எடுத்து, பூண்டெண்ணெய் வாணலிக்கு மாற்றி, வடித்த தண்ணீர் இரண்டு மூன்று கரண்டி விட்டுப் புரட்ட வேண்டும். அந்தத் தண்ணீரில் இருக்கும் மாவுச்சத்துதான் எண்ணெயைப் பிரியவிடாமல் பிடித்து, ஒவ்வொரு இழையிலும் பளபளப்பாக ஒட்ட வைக்கிறது. இந்தப் பளபளப்பு இல்லாவிட்டால் மேலே என்ன தூவினாலும் தட்டு எடுபடாது.

குவியல் வைக்க நீள எவர்சில்வர் இடுக்கியும் ஒரு குழிக்கரண்டியும் வேண்டும். இடுக்கியில் ஒரு பிடி ஸ்பகெட்டியை எடுத்து, குழிக்கரண்டிக்குள் முனையை ஊன்றிச் சுற்றினால் இழைகள் உருண்டையாகச் சுற்றிக்கொள்ளும். தட்டின் நடுவில் சாய்த்து, இடுக்கியைச் சுற்றியபடியே மேலே உருவ வேண்டும். உயரமாக நிற்கும். சீஸும் தோலும் விழ ஒரு மேடு கிடைக்கும், சூடும் சீக்கிரம் போகாது. பரப்பி வைத்தால் இரண்டும் போய்விடும். இதற்கென்று வளைய அச்சு விற்கிறார்கள். நானும் வாங்கினேன், ஸ்பகெட்டிக்கு அது தேவையே இல்லை. அச்சை எடுத்ததும் இழைகள் தளர்ந்துவிடும், நேரமும் இரட்டிப்பாகும். எண்ணெய்க்கு ஒரு பிளாஸ்டிக் சாஸ் புட்டி நல்லது. தட்டுகளைக் கொதிநீரில் முக்கித் துடைத்துச் சூடாக வைத்துக்கொள்வது, வாங்கும் எந்தக் கருவியையும் விடப் பலன் தரும்.

ஆள் மூன்று பேர். நான் சுற்றி வைப்பேன், என்னோடு வேலை செய்யும் பெண் துருவியோடு நிற்பாள், மூன்றாமவர் ஓரம் துடைத்து எடுத்துப் போவார். துருவிக்காரியின் வேகம்தான் மொத்த வேகம். பழைய துருவியில் சீஸை முன்பே துருவிக் கிண்ணத்தில் வைத்திருப்போம், அது நேரமாக ஆக ஒட்டிக் கட்டியாகிவிடும். இதில் தட்டின் மேலேயே நேராகத் துருவலாம். சில இழுப்பு சீஸ், பார்ஸ்லி ஒரு சிட்டிகை, ரொட்டித்தூள், கடைசியில் எலுமிச்சை ஒரே இழுப்பு. “அக்கா, குழந்தைங்க தட்டுக்கு மிளகாய் எடுத்துடவா?” என்று கேட்கும் நேரம்கூட மிச்சம் இருக்கிறது. விருந்தாளிகள் முன்னால் சீஸ் சீவலாக விழுவதைப் பிள்ளைகள் நின்று பார்ப்பார்கள், “ஆன்ட்டி, எனக்கு இன்னும் கொஞ்சம்” என்று தட்டை நீட்டுவார்கள். அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

குறை என்று சொல்ல வேண்டுமானால், எல்லாவற்றுக்கும் இது ஆகாது. தேங்காய்க்கு எடுக்கவே எடுக்காதீர்கள், மொஸரெல்லா மாதிரி மெத்தென்ற சீஸும் பல்லில் அப்பிக்கொள்ளும். கெட்டிச் சீஸ், எலுமிச்சை, ஜாதிக்காய், இஞ்சி, பூண்டு, இவற்றுக்குத்தான். பல் மிகக் கூர்மை என்பதால் சீஸ் துண்டு சின்னதானதும் விரல் பத்திரம். கடைசித் துண்டை எங்கள் வீட்டில் சூப்பில் போட்டுவிடுவோம்.

கழுவுவதில் ஒரே விதி: உடனே. சீஸ் காய்ந்துவிட்டால் எடுப்பது பெரும்பாடு. பின்பக்கத்திலிருந்து தண்ணீரை வேகமாக அடித்தால் தானே போய்விடும். ஸ்பாஞ்சால் தேய்க்க வேண்டுமென்றால் பல்லுக்கு எதிராகப் போகாமல் பல் போகும் திசையிலேயே தேய்க்கவும், இல்லாவிட்டால் ஸ்பாஞ்சைத்தான் துருவி எடுக்கும். துடைத்து, உறை போட்டு வைக்கவும். மற்ற கரண்டிகளோடு டப்பாவில் எறிந்தால் பல் மழுங்கும்.

வாங்கும்போது நீளமான, ஒடுக்கமான வகையை எடுங்கள். அகலமானதில் சீஸ் வேகமாகத் துருவலாம், ஆனால் தட்டின் நடுவில் குறி வைத்து விழ வைப்பது கஷ்டம், எலுமிச்சைக்கும் வளைந்து கொடுக்காது. இதே தோற்றத்தில் விலை குறைந்தவை நிறைய வருகின்றன. கடையில் எடுத்துப் பார்த்தால் விரல் நுனியை லேசாக வைத்தாலே தெரியும், பல் குத்தி எடுத்ததா அரித்து எடுத்ததா என்று. ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால் உறை சேர்த்து வருகிறதா என்று பார்த்துக்கொள்ளவும். 60 பேருக்கு மேல் போனால் ஒன்றுக்கு இரண்டாக வாங்கிவிடுங்கள், சீஸுக்கு ஒன்று, எலுமிச்சைக்கு ஒன்று. நடுவில் கழுவ நேரம் இருக்காது.