பிரீதர் ஹோஸை வெளியே விடுவதா, கேட்ச் கேன் போடுவதா?

எண்ணூர், மணலி பக்கம் கன்டெய்னர் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், வண்டி ஓடுகிற நேரத்தைவிட வரிசையில் ஐடிலில் நிற்கிற நேரம்தான் அதிகம். அந்த நேரமெல்லாம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி இன்ஜினின் அடிப்பகுதியான கிரேங்க்கேஸுக்குள் கசியும் வாயு, ஆயில் ஆவியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு பிரீதர் ஹோஸ் வழியாக வெளியேறி, காற்று உள்ளே போகும் இன்டேக் பாதையில் கலந்து, டர்போ வழியாக இன்டர்கூலருக்கும் மேனிஃபோல்டுக்கும் போகிறது, இஜிஆர் (புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் அமைப்பு) உள்ள வண்டியில் கரியோடு கலந்து தார் மாதிரி அப்பிக்கொள்கிறது.

ஹோஸைக் கழற்றி வண்டிக்கு அடியில் விட்டால் செலவில்லை, இன்டேக்கும் சுத்தம். ஆனால் கேபினில் ஆயில் நெடி, ரோட்டில் சொட்டு. பின்னால் பைக்கில் வருகிறவர் வழுக்கினால்? 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்6 புகை விதிக்கு உட்பட்ட வண்டியில் இதைச் செய்யவே கூடாது; அதில் கம்பெனி கொடுத்த பிரீதர் ஃபில்டரை நேரத்துக்கு மாற்றுங்கள்.

பழைய வண்டிக்கு என் ஓட்டு கேட்ச் கேனுக்குத்தான், அதாவது ஹோஸுக்கு நடுவில் மாட்டி ஆயிலைப் பிடித்து வைக்கும் டப்பா. உள்ளே தடுப்புத் தகடும் கம்பி வலையும் இருக்கிறதா என்று திறந்து பார்த்து வாங்குங்கள், வெறும் டப்பா என்றால் ஆவி அப்படியே கடந்து போய்விடும். ஹோஸ் சன்னமாக இருந்தால் கிரேங்க்கேஸில் அழுத்தம் ஏறி ஆயில் சீல் கசியும். மறக்காமல் வடிக்க வேண்டும், இது ரொம்ப முக்கியம்: கேன் நிரம்பினால் ஆயில் மொத்தமாக உள்ளே போய், டீசல் இன்ஜின் அதையே எரித்துக்கொண்டு சாவியை அணைத்தாலும் நிற்காமல் ஓடும். மழைக்காலத்தில் மோர் மாதிரி வெள்ளையாக வடிந்தால் பெரும்பாலும் ஈரம்தான், ஆனாலும் கூலன்ட் அளவு குறைகிறதா என்று ஒருமுறை பாருங்கள். அப்புறம், கேன் சீக்கிரம் சீக்கிரமாக நிரம்பினால் பெரிய கேன் தேடாதீர்கள், ரிங்கைச் சோதியுங்கள்.