சிமேக்கில் அசெம்பிளி கோப்புகள்: ஆறு வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

ஆறு வருடமாக ஒரு சிக்னல் பிராசஸிங் லைப்ரரியைப் பராமரித்து வருகிறேன். பெரும்பகுதி சி. வேகம் உயிர்நாடியாக இருக்கும் பதினெட்டு ஃபங்ஷன்கள் மட்டும், பிராசஸரின் கட்டளைகளை நேரடியாக எழுதும் அசெம்பிளி. பில்டுக்கு, அதாவது எந்தக் கோப்பை எப்படிக் கம்பைல் செய்து இணைப்பது என்பதைக் கவனிக்க, ஆரம்பத்திலிருந்தே சிமேக்தான். சி, சி பிளஸ் பிளஸ் வேலைக்கு சிமேக் எப்படி என்று எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். அசெம்பிளியோடு அதை நெடுநாள் ஓட்டியவர்கள் எழுதி நான் அதிகம் பார்த்ததில்லை.

என் அனுபவத்தில், தாராளமாக நம்பலாம். ஆனால் அசெம்பிளி விஷயத்தில் அது தவறை நடந்த இடத்திலேயே சொல்வதில்லை. பில்ட் அமைதியாகக் கடந்துபோகும். கோளாறு வேறு எங்கோ, வேறு வேஷத்தில் தலைகாட்டும்.

முதல் வாரமே இது புரிந்தது. டார்கெட்டில் கோப்புகளைச் சேர்த்தேன், கம்பைல் ஓடியது, ஓர் எச்சரிக்கைகூட இல்லை. கம்பைல் ஆனவற்றை ஒன்றாக இணைக்கும் லிங்க் கட்டத்தில் பதினெட்டுக்கும் 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்', அதாவது ஃபங்ஷனைக் காணவில்லை என்ற பிழை. ஃபங்ஷன் பெயர்களையும் குளோபல் டைரக்டிவ்களையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து ஒரு நாள் போனது. பெயர்களில் பிழையே இல்லை. பிராஜெக்ட் வரியில் மொழி என்று சி மட்டும் இருந்தது, அசெம்பிளியைக் குறிக்கும் ஏஎஸ்எம் இல்லை. எனேபிள் செய்யாத மொழியின் கோப்பை சிமேக் கம்பைல் செய்யாது. ஹெடர் கோப்பைப் போலப் பட்டியலில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிடும். டார்கெட் முழுக்க அசெம்பிளியாக இருந்திருந்தால், லிங்க்கர் மொழியைத் தீர்மானிக்க முடியவில்லை என்று அப்போதே நின்றிருக்கும். கூட ஒரே ஒரு சி கோப்பு இருந்தாலும் அந்தத் தடுப்பு போய்விடுகிறது. ஏஎஸ்எம்மைச் சேர்க்கும்போது மொழிப் பட்டியலில் கடைசியாக எழுதுங்கள். மற்ற மொழிகளின் கம்பைலரை அசெம்பிளிக்கும் பயன்படுத்த முடியுமா என்று சிமேக் பார்ப்பதற்கு அந்த வரிசை தேவை.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். அசெம்பிளியில் எது கெட்டாலும் முதலில், ஓடும் கட்டளைகளை முழுதாகக் காட்டும் வெர்போஸ் பில்ட் ஓட்டி, அந்தக் கோப்புக்கான கட்டளை வரி இருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லையென்றால் சிமேக் அதைத் தொடவே இல்லை. இருந்தால் அந்த வரியை அப்படியே டெர்மினலில் ஒட்டித் தனியாக ஓட்டிப் பார்ப்பேன். கண்ணில் பட்ட பிழைச் செய்தியைத் துரத்துவதைவிட இது எப்போதும் சீக்கிரம் முடிந்திருக்கிறது.

என்னை அதிகம் வாட்டியது ஸ்மால் எஸ், கேப்பிட்டல் எஸ் வித்தியாசம். கோப்பின் எக்ஸ்டென்ஷன் கேப்பிட்டல் எஸ் என்றால் ஜிசிசி கம்பைலர் அதை முதலில், ஹேஷில் தொடங்கும் வரிகளைக் கையாளும் சி பிரீபிராசஸர் வழியாக அனுப்பும்; ஸ்மால் எஸ் என்றால் நேராக அசெம்பிளருக்குத்தான். பலருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் எக்ஸ்86, ஆர்ம் இரண்டிலும் வரித் தொடக்கத்தில் வரும் ஹேஷ், குனூ அசெம்பிளருக்குக் கமென்ட் என்பதை யோசித்துப் பாருங்கள். இன்க்லூட், டிஃபைன், இஃப்டெஃப் எல்லாமே கமென்டாகிப் பிழையின்றிக் கடந்துவிடும். எங்கள் குழுவில் ஒருவர் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பேதம் பார்க்காத கோப்பு அமைப்பில் வேலை செய்தார். ஒரு மறுசீரமைப்பில் எக்ஸ்டென்ஷன் ஸ்மால் எஸ்ஸாக மாறியது, சிமேக் பட்டியலிலும் அப்படியே. பில்ட் பச்சை. அந்தக் கோப்பில் ஓர் இஃப்டெஃப்புக்குள் இரண்டு ரவுண்டிங் முறைகள் இருந்தன. நிபந்தனை கமென்டாகிப் போனதால் இரண்டும் அடுத்தடுத்து அசெம்பிள் ஆகி, ரவுண்டிங் இரண்டு முறை நடந்தது. விடையில் கடைசி பிட் மட்டும், அதுவும் சில உள்ளீடுகளுக்கு மட்டும் தவறியது. கணக்கில்தான் கோளாறு என்று மூன்று நாள் காகிதத்தில் போட்டுப் பார்த்தோம். டிஸ்அசெம்பிளியைத் திறந்த ஐந்தாவது நிமிடத்தில் பதில் கிடைத்தது.

அடுத்தது, பிராஜெக்ட் கோரும் சிமேக்கின் குறைந்தபட்ச வெர்ஷனை உயர்த்தியபோது. பழைய டைரக்டரி ஒன்றில் அசெம்பிளி கோப்புகளுக்கு லாங்குவேஜ் பிராபர்ட்டியை சி என்று வைத்திருந்தோம். ஜிசிசியே எக்ஸ்டென்ஷனைப் பார்த்து முடிவெடுத்துக்கொள்ளும் என்பதால் பல வருடம் ஓடியது. 2021-இல் வந்த 3.20-இல் அந்த பிராபர்ட்டியின் பொருள் இறுகியது. குறைந்தபட்ச வெர்ஷனை அதற்கு உயர்த்தினால், கோப்பை சி என்றே கருதும்படி கம்பைலரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடும். முதல் டைரக்டிவின் புள்ளியிலேயே சின்டாக்ஸ் பிழை. நியாயமான மாற்றம்தான், பிராபர்ட்டியை நீக்கி ஏஎஸ்எம்மை எனேபிள் செய்ததும் சரியானது. சிமேக் 4.0, 3.5-க்கு முந்தைய வெர்ஷன்களுக்கான இணக்கத்தைக் கைவிட்டதால் பழைய பிராஜெக்ட்களில் அந்த எண்ணை அவசரமாக ஏற்றுகிறவர்கள் இருப்பீர்கள். 3.20-ஐத் தாண்டுகிறீர்கள் என்றால் இதை முதலில் தேடுங்கள்.

கம்பைல் ஆப்ஷன்களை மொழி பிரிக்காமல் பொதுவாகச் சேர்த்தால் அவை அசெம்பிளருக்கும் போகும். ஜிசிசி பெரும்பாலும் பொறுத்துக்கொள்கிறது. நாஸம் என்ற தனி அசெம்பிளர் பொறுக்காது: பொசிஷன் இன்டிபென்டென்ட் கோடுக்கான மைனஸ் எஃப் பிஐசி ஆப்ஷனை அது 'பிஐசி என்ற அவுட்புட் ஃபார்மட்' என்று படித்து, அப்படியொரு ஃபார்மட் தெரியாது என்று நின்றுவிடும். சிமேக்கின் கம்பைல் லாங்குவேஜ் ஜெனரேட்டர் எக்ஸ்பிரஷனால் ஆப்ஷன்களை மொழிவாரியாகப் பிரித்துவிட்டேன். பிறகு தொல்லை இல்லை.

குனூவின் அசெம்பிளர், லிங்க்கர் தொகுப்பான பின்யூட்டில்ஸில், 2022-இல் வந்த 2.39 முதல், ஸ்டாக் எக்ஸிக்யூட்டபிளாக இருக்கத் தேவையில்லை என்று சொல்லும் ஸ்டாக் குறிப்புப் பகுதி இல்லாத கோப்புகளுக்கு லிங்க்கர் எச்சரிக்கிறது. கையால் எழுதிய பதினெட்டிலும் அது இல்லை. அலட்சியப்படுத்தாதீர்கள், ஒரு கோப்பில் விடுபட்டாலும் மொத்த நிரலின் ஸ்டாக்கும் எக்ஸிக்யூட்டபிள் ஆகக்கூடும். கோப்புக்கு ஒரு வரி போதும்.

இன்னும் முழுதாகத் தீராத ஒன்று டிபென்டென்சி, அதாவது எது மாறினால் எதை மறுபடி பில்ட் செய்ய வேண்டும் என்ற கணக்கு. பிரீபிராசஸரின் இன்க்லூட் வழியே வரும் ஹெடர் மாறினால் மறுபில்ட் ஒழுங்காக நடக்கிறது. அசெம்பிளரின் சொந்த இன்க்லூட், இன்க்பின் டைரக்டிவ்கள் வழியே வருபவை பிரீபிராசஸர் தரும் பட்டியலில் இல்லை. கோஎஃபிஷியன்ட் டேபிளை, ஒரு கோப்பின் பைட்டுகளை அப்படியே சேர்க்கும் இன்க்பின்னால் உள்ளே இழுக்கிறோம். டேபிளைப் புதுப்பித்தாலும் பழைய ஆப்ஜெக்டே லிங்க் ஆகும். இப்போது ஒவ்வொரு கோப்புக்கும் ஆப்ஜெக்ட் டிபென்ட்ஸ் பிராபர்ட்டியில் டேபிளின் பாதையைக் கையால் எழுதியிருக்கிறோம். புதிய டேபிள் சேர்க்கிறவர் அந்த வரியையும் சேர்த்தாரா என்று ஒவ்வொரு ரிவ்யூவிலும் நானே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.