நம் கணக்கை நமக்கே விற்கும் சேவை

மொபைல் செயலிகளின் பதிவிறக்கத்தையும் வருமானத்தையும் கணித்துச் சொல்லும் சேவை ஒன்றுக்குச் சந்தா கட்டிப் பார்த்தேன். நான் தனியாளாகப் புதிர் கேம்கள் செய்து விற்பவன். அடுத்த கேமுக்கு விலை வைப்பதா, இலவசமாக விட்டு விளம்பரத்தில் சம்பாதிப்பதா என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. தெரிந்த டெவலப்பர்களைக் கேட்டால், "பரவாயில்லை, ஓடுகிறது" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எண்ணை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சரி, காசு கொடுத்தாவது தெரிந்துகொள்வோம் என்றுதான் போனேன்.

தரவரிசை வரைபடம் உண்மையிலேயே அருமை. ஒரு கேம் எந்த நாட்டில் எந்த நாளில் எத்தனையாவது இடத்தில் இருந்தது, எப்போது விலையைக் குறைத்தார்கள், எப்போது ஐகானை மாற்றினார்கள் என்பதெல்லாம் ஒரே திரையில் தெரிகிறது. இவை செயலிக் கடைகளில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும் விவரங்கள்தான். ஆனால் நாள் தவறாமல் சேர்த்துவைக்க எவனுக்குப் பொறுமை இருக்கிறது?

வருமானப் பக்கத்துக்கு வந்ததும் சாயம் வெளுத்தது. விடை தெரிந்த கேள்வியைக் கேட்டுப் பார்ப்போமே என்று என் கேமையே தேடினேன். எனக்கு வந்ததைவிடப் பல மடங்கு தொகை காட்டியது. அந்தப் பணத்தை யார் வாங்கிக்கொண்டார்களோ! விளம்பரத்தில் ஓடும் என் இன்னொரு கேமுக்கோ வருமானமே இல்லை என்றது. என் வீட்டு அடுப்பு எரிவதே அதனால்தான்.

காரணம் எளிது. இந்தத் தரவரிசையில் இருப்பவர் இவ்வளவு விற்பார் என்று ஒரு வளைகோடு வரைந்துகொண்டு, அதிலிருந்து எண்ணைப் படிக்கிறார்கள். உச்சியில் இருக்கும் பெரிய கேம்களுக்கு அது ஓரளவு பொருந்தும். பட்டியலின் அடியில் கிடக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு, ஒரே நாளில் நாலு பிரதி கூடுதலாக விற்றாலே இடம் தாறுமாறாக மாறிவிடும். அங்கே வளைகோடு வெறும் ஊகம். கடைகளும் அதிகம் உதவுவதில்லை. கூகுள் ப்ளே 1,000+, 5,000+, 10,000+ என்று படிக்கட்டு போட்டுக் காட்டும். ஆப்பிளின் ஆப் ஸ்டோர் பதிவிறக்க எண்ணிக்கையைப் பொதுமக்களுக்குக் காட்டுவதே இல்லை. சேவை சொல்லும் தொகை கடை எடுத்துக்கொள்ளும் கமிஷனுக்கு முன்பா பின்பா என்பதையும் உதவிப் பக்கத்தில் தோண்டித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கமிஷன் 30 சதவீதமா, 2021 முதல் சிறு டெவலப்பர்களுக்குக் கிடைக்கும் 15 சதவீதமா என்பதைப் பொறுத்துக் கையில் வருவது எவ்வளவோ மாறும்.

இனிதான் என்னைச் சீண்டிய விஷயம். டெவலப்பர் கணக்கை அவர்களோடு இணைத்தால் சில வசதிகள் இலவசம் என்றார்கள். அதாவது என் உண்மையான விற்பனை எண்களை நான் கொடுக்க வேண்டும். அதைக் கொண்டு அவர்கள் வளைகோட்டைத் திருத்திக்கொண்டு மற்றவர்களுக்கு விற்பார்கள். இணைக்கவில்லை. இந்தத் துறையில் அப்போது முன்னணியில் இருந்த ஆப் ஆனி நிறுவனம், டெவலப்பர்கள் கொடுத்த தரவுகளைத் தொகுத்து, யாருடையது என்று தெரியாதபடிதான் பயன்படுத்துவோம் என்று வாக்களித்துவிட்டு அதை மீறியதாக அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 2021 செப்டம்பரில் குற்றம்சாட்டியது. வழக்கு 1 கோடி டாலருக்கு மேற்பட்ட தொகையில் தீர்ந்தது. நான் பார்த்த சேவை அதுவல்ல. ஆனால் வியாபாரத்தின் அமைப்பு ஒன்றுதான். சக டெவலப்பரிடம் சொல்லக் கூசும் எண்ணை முகம் தெரியாத நிறுவனத்திடம் கொடுக்கிறோம். பிறகு அதையே மங்கலாக்கித் தரும்போது சந்தா கட்டி வாங்குகிறோம்.

நேராகவே சொல்லிவிட்டால் என்ன? மான்யுமென்ட் வேலி கேமைச் செய்த அஸ்டூ நிறுவனம் 2015 ஜனவரியில் தன் கணக்கை வெளியிட்டது: விற்றது 24 லட்சத்துக்கு மேல், வருமானம் 58 லட்சம் டாலருக்கு மேல், முதல் உருவாக்கத்துக்கு 55 வாரங்கள், 8,52,000 டாலர் செலவு. ஆண்ட்ராய்டில் நிறுவியவற்றில் 5 சதவீதம் மட்டுமே காசு கொடுத்து வாங்கியவை. விலை வைப்பதா வேண்டாமா என்ற என் கேள்விக்கு இந்த ஓர் எண் தந்த வெளிச்சத்தைச் சந்தா தரவில்லை. எந்த வளைகோட்டிலும் செலவுக் கணக்கு வராது, செய்தவன் சொன்னால்தான் உண்டு. இதைவிட எனக்குப் பயன்பட்டது, 2009இல் கனடாவின் தனி டெவலப்பர் ஒருவர் எழுதியது. சுமார் 32,000 டாலர் செலவழித்த கேம் முதல் சில வாரங்களில் சில நூறு டாலரே ஈட்டியது என்று பெயரோடு எழுதினார். வென்றவர்கள் மட்டும் பேசினால் புதிதாக வருகிறவன் வீட்டை அடகு வைப்பான்.

எதிர்த் தரப்பையும் நான் ஒதுக்கவில்லை. ஃப்ளாப்பி பேர்டைச் செய்த வியட்நாமின் டாங் நுயென், விளம்பரத்தில் நாளுக்கு 50,000 டாலர் வருகிறது என்று 2014 பிப்ரவரியில் பேட்டியில் சொன்னார். சில நாட்களில் கேமையே கடைகளிலிருந்து எடுத்துவிட்டார். எண் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நகல்கள் ஈசல்போலக் கிளம்பின. ஆகவே சூடு இருக்கும்போது சொல்லக் கூடாது என்பது என் கட்சி. விற்பனை அடங்கிய பிறகு, செலவோடும் உழைத்த மாதங்களோடும் சேர்த்துச் சொல்லலாம். அப்படித்தான் என் பழைய இரண்டு கேம்களின் கணக்கையும் வெளியிட்டேன். மூன்றாவதை வெளியிடவில்லை, வெளியீட்டாளரோடு போட்ட ஒப்பந்தம் வாயைக் கட்டுகிறது. இதுவரை யாரும் சிரிக்கவில்லை. முன்பு "பரவாயில்லை, ஓடுகிறது" என்ற ஒருவர் தன் கணக்கை எனக்கு அனுப்பினார். ஓடவில்லை.

பெரிய நிறுவனத்தில் சந்தை ஆய்வு செய்பவர் என்றால், உச்சிப் பட்டியலைப் பார்க்க இந்தச் சேவை உதவும். தனியாளுக்கு ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். இரண்டுமே தரவரிசை வரைபடத்துக்கு. அதை மட்டும் குறைந்த கட்டணத்தில் தர முடியுமா என்று வாடிக்கையாளர் உதவிக்கு எழுதினேன். பெரிய திட்டத்துக்கு மாறும்படி பதில் வந்தது. சந்தாவை ரத்து செய்துவிட்டேன்.