17-ஆம் லெவலுக்கு மேல மல்டிகிளாஸ்: பழைய டி அண்ட் டி, புது டி அண்ட் டி, பாத்ஃபைண்டர், எதுல டேபிள் சமமா ஓடுது?

டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்), பாத்ஃபைண்டர் மாதிரி டேபிள்ல உக்காந்து டைஸ் உருட்டி ஆடுற, 20 லெவல் வரைக்கும் போற கேம்ல, ஹை லெவல்ல மல்டிகிளாஸ் பண்ணா, அதாவது ஒரே கேரக்டருக்கு ஃபைட்டர், விசார்ட் மாதிரி ரெண்டு கிளாஸைக் கலந்தா, பேலன்ஸ் கெட்டுடும்னு பொத்தாம்பொதுவா சொல்லிடுறாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. ரெண்டு கிளாஸ் சேர்த்து எடுத்தா என்ன இப்போ? அதுக்கு ஒவ்வொருத்தரும் குடுக்குற விலை ஒரே மாதிரி இல்லங்கறதுதான் என் பிரச்சனை. ஒருத்தன் மூணு லெவலை விட்டுட்டு முன்னவிட பலமாயிடுறான், பக்கத்துல உக்காந்திருக்கறவன் அதே மூணு லெவலை விட்டா அவ்ளோதான், முடிஞ்சுது கதை. கோலாலம்பூர் செந்தூல்ல நாங்க அஞ்சு பேரு சனிக்கிழமை சாயங்காலம் ஆடுறோம், கேரக்டர் எல்லாம் 17 தாண்டியாச்சு, அடுத்த கேம்பெயினுக்கு எந்த ரூல்ஸ்னு பேச்சு வந்துச்சு, அதான் மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எழுதுறேன்.

முதல்ல பழைய டி அண்ட் டி, அதாவது 2014 புக்கு. இதுல ஒவ்வொரு லெவலுக்கும் எந்த கிளாஸ் வேணுமோ எடுத்துக்கலாம், ரெண்டு கிளாஸுக்கும் தேவையான எபிலிட்டி (பலம், புத்தி மாதிரி கேரக்டரோட அடிப்படை எண்) 13 இருந்தா போதும். விலை எங்க ஏறி இறங்குதுன்னா கடைசி மூணு லெவல்லதான். ட்ரூயிட் 20-க்கு போனா கணக்கே இல்லாம மிருகமா மாறிக்கிட்டே இருக்கலாம், பார்பேரியனுக்கு பலமும் உடல்வலுவும் நாலு நாலு ஏறுது, ஃபைட்டருக்கு நாலாவது அடி கிடைக்குது. பார்ட் (பாட்டால கூட்டத்துக்கு உதவுற கிளாஸ்) 20-க்கு என்ன கிடைக்குது? சண்டை ஆரம்பிக்கும்போது இன்ஸ்பிரேஷன் (கூட இருக்கறவங்களுக்கு அவன் குடுக்குற போனஸ் டைஸ்) சுத்தமா தீர்ந்திருந்தா ஒண்ணு திரும்பி வரும், அவ்ளோதான். அப்ப பார்ட் ஆடுறவன் வேற கிளாஸ்ல கை வைக்காம இருக்க காரணமே இல்லையே!

விசார்டும் அப்படித்தான். 17-லயே ஒன்பதாம் லெவல் மந்திரம், இருக்கறதுலயே பெருசு, வந்துடுது, 18-ல சின்ன மந்திரம் ரெண்டை கணக்கில்லாம போட விடுற ஸ்பெல் மாஸ்டரியும் வந்துடுது, அதுக்கப்புறம் ரெண்டு லெவல் ஃபைட்டர் எடுத்தா ஆக்‌ஷன் சர்ஜ் வச்சு ஒரே டர்ன்ல ரெண்டு பெரிய மந்திரம் போடலாம். அதே ரெண்டு லெவலை ஃபைட்டர் விசார்ட்ல போட்டா நாலாவது அடி போச்சு, கைக்கு வர்றது சின்ன மந்திரம் சிலது. வார்லாக் கதை இதைவிட மோசம். அவனோட கதிர் மந்திரமான எல்ட்ரிட்ச் பிளாஸ்ட் கேன்ட்ரிப் (எத்தனை தடவை வேணும்னாலும் போடலாம்), அதனால மொத்த லெவலைப் பார்த்துதான் வளருது, ரெண்டே லெவல் வார்லாக் எடுத்தவனுக்கும் 17-ல நாலு கதிர் போகும், அந்த ரெண்டாவது லெவல் இன்வொகேஷன் (வார்லாக் தேர்ந்தெடுக்குற தனி சக்தி) வச்சு ஒவ்வொரு கதிரோட டேமேஜ்லயும் காரிஸ்மா போனஸ் சேரும். முழு வார்லாக்கா வளர்ந்தவன் இதைப் பார்த்துட்டு என்ன பண்ணுவான் சொல்லுங்க?

எங்க டேபிள்ல ஒரு தம்பி பாலடின் (புனித வீரன்) 6, சோர்சரர் (பிறவி மந்திரவாதி) 14 போட்டிருக்கான், கேட்டா "அண்ணே ரூல்ஸ்ல இருக்குண்ணே"ன்னு சொல்லுவான், உண்மையாவே இருக்கு. ஸ்லாட், அதாவது எந்த லெவல் மந்திரத்தை எத்தனை தடவை போடலாம்ங்கற கணக்குல பாலடின் பாதி, 3, சோர்சரர் முழுசு, 14, மொத்தம் 17. ஒன்பதாம் லெவல் ஸ்லாட் கைல வந்துடுச்சு, ஆனா அவனுக்குத் தெரிஞ்ச மந்திரம் ஏழாம் லெவலோட நிக்குது. விலை குடுத்தான்தான், இல்லைங்கல. ஆனா அவன் டர்ன் எப்படி போகுதுன்னு பாருங்க: எதிரியை உறைய வைக்குற ஹோல்ட் மான்ஸ்டர் மந்திரத்தை சோர்சரரோட குவிக்கன் வித்தையால வேகப்படுத்தி, டர்னுக்கு ஒண்ணே கிடைக்குற கூடுதல் செயலான போனஸ் ஆக்‌ஷன்ல போடுறான், எதிரி உறைஞ்சுட்டா பக்கத்துல நின்னு அடிக்குற ஒவ்வொரு அடியும் கிரிட்டிகல், ரெண்டு அடியிலயும் நாலாம் லெவல் ஸ்லாட்ல ஸ்மைட் (ஸ்லாட்டை செலவு பண்ணி அடிக்கு டேமேஜ் சேர்க்குற பாலடின் சக்தி), கிரிட்டிகல்ல டைஸ் ரெட்டிப்பாகுறதால அஞ்சு எட்டுமுக டைஸ் பத்தாயிடும். ஸ்மைட்ல இருந்து மட்டும் சராசரி 90 டேமேஜ். அதே டேபிள்ல ஒரு அக்கா முழு ஃபைட்டரா வளர்த்துட்டு வந்தாங்க, அவங்க நாலு தடவை உருட்டி கூட்டி முடிக்கறதுக்குள்ள எதிரி சாஞ்சுடுறான். மூணு லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ் (மந்திரத்துல இருந்து தப்பிக்குற வாய்ப்பு) இருக்குற பாஸா வச்சா கொஞ்சம் தாங்கும், ஆனா எல்லா சண்டைக்கும் அப்படி பாஸ் வைக்க முடியாது. டர்னும் நீண்டுடுது, கடைசி எல்ஆர்டி ரயிலைப் பிடிக்கணும்னு பாதி சண்டைல எந்திரிச்சுப் போறது வேற.

புது டி அண்ட் டி, அதாவது 2024 புக்குல இதை நல்லா கவனிச்சிருக்காங்க, இதை மனசார சொல்றேன். ஸ்மைட் இப்ப போனஸ் ஆக்‌ஷன்ல போடுற மந்திரம், குவிக்கனுக்கும் அதே போனஸ் ஆக்‌ஷன் வேணும், போதாததுக்கு ஒரு டர்ன்ல மந்திரத்துக்கு ஒரு ஸ்லாட்தான் செலவு பண்ணலாம். தம்பியோட கூட்டு அங்கயே படுத்துடுச்சு. ஆக்‌ஷன் சர்ஜ்ல மேஜிக் ஆக்‌ஷன் எடுக்க முடியாதுன்னு எழுதிட்டாங்க, அந்த விசார்ட் வித்தையும் போச்சு. சப்கிளாஸ் (கிளாஸுக்குள்ள எடுக்குற தனிப் பிரிவு) எல்லா கிளாஸுக்கும் மூணாம் லெவல்லதான் வருது, அதனால ஒரே லெவல்ல ருசி பார்த்துட்டு ஓடுறது குறைஞ்சிருக்கு. ஆனா லெவலைப் பிரிச்சு எடுக்குற அடிப்படை அப்படியேதான் இருக்கு, ரூல்ஸை நுணுக்கமா படிக்கறவனுக்கும் படிக்காதவனுக்கும் நடுவுல இருக்குற இடைவெளி சுருங்கியிருக்கு, மூடல.

டி அண்ட் டியோட இன்னும் பழைய 3.5 எடிஷன் பத்தி கேட்பாங்க, சுருக்கமா சொல்லிடுறேன். ரெண்டு மந்திர கிளாஸ் கலந்தா ரெண்டுலயும் பின்தங்கிடுவான், அதை சரிகட்ட மிஸ்டிக் தியர்ஜ்னு தனி பிரஸ்டீஜ் கிளாஸே (தகுதி வந்தப்புறம் சேர்ற சிறப்பு கிளாஸ்) போட்டாங்க. இன்னைக்கு புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு நான் அதை சொல்ல மாட்டேன்.

2019-ல வந்த பாத்ஃபைண்டர் ரெண்டாம் எடிஷன் வேற வழில போகுது. லெவலைப் பிரிக்கவே முடியாது. ஃபைட்டர் 20 லெவலும் ஃபைட்டர்தான், மந்திரம் வேணும்னா கிளாஸ் ஃபீட்டை (லெவல் ஏறும்போது தேர்ந்தெடுக்குற திறமை) செலவு பண்ணி வாங்கணும்: 2-ஆம் லெவல்ல டெடிகேஷன், 4-ல பேசிக், 12-ல எக்ஸ்பர்ட், 18-ல மாஸ்டர். மொத்தம் கிடைக்குற பதினொரு ஃபீட்ல நாலு போச்சு, விலை முன்னாடியே தெரியுது, யாரும் ஏமாற மாட்டாங்க. 13-ல வர்ற லெஜண்டரி ஆயுதத் திறமை அப்படியே இருக்கும், 20-ல ஒரு எட்டாம் ரேங்க் (மந்திரத்தோட லெவலை இங்க அப்படி சொல்லுவாங்க) மந்திரம் போடலாம். முழு விசார்ட் பத்தாம் ரேங்க் வரைக்கும் போவான், அவனோட இடம் அவனுக்கே இருக்கு.

திருப்பிப் பார்த்தா குறை தெரியும். விசார்ட் ஃபைட்டர் டெடிகேஷன் எடுத்தா 12-ல இன்னொரு ஃபீட் போட்டும் ஆயுதத்துல எக்ஸ்பர்ட் வரைக்கும்தான், அடிக்குற உருட்டுல உண்மையான ஃபைட்டரைவிட நாலு கம்மி. எதிரியோட தற்காப்பு எண்ணைவிட பத்து கூட உருட்டினா கிரிட்டிகல்னு இருக்குற கேம்ல அந்த நாலு ரொம்ப வலிக்கும். கத்தி புடிச்சவன் மந்திரம் கத்துக்கலாம், மந்திரவாதி கத்தி புடிச்சா பெருசா ஒண்ணும் நடக்காது. இந்த ஒரு இடத்துல பாத்ஃபைண்டர் ரொம்ப கஞ்சத்தனம் பண்ணுதுன்னு எனக்கு வருத்தம்தான். ஃப்ரீ ஆர்க்கிடைப்னு ஒரு வேரியன்ட் இருக்கு, இரட்டைப்படை லெவல் ஒவ்வொண்ணுக்கும் ஆர்க்கிடைப் ஃபீட் (டெடிகேஷன் மாதிரி கிளாஸுக்கு வெளிய எடுக்குற திறமை) ஒண்ணு எல்லாருக்கும் சும்மாவே கிடைக்கும், அது போட்டா கேரக்டருக்கு உயிர் வருது, பேலன்ஸும் பெருசா ஆடாது.

என் முடிவு இதுதான். கேரக்டரை நேரா 15, 17-ல செஞ்சு ஆரம்பிக்கறீங்கன்னா பாத்ஃபைண்டரும் ஃப்ரீ ஆர்க்கிடைப்பும் போடுங்க, ஏன்னா ஹை லெவல்ல பில்ட் பண்ண உக்காரும்போதுதான் ரூல்ஸ் தெரிஞ்சவன் மத்தவங்களைவிட எங்கயோ போயிடுவான், இங்க அந்த கதவே இல்ல. ரூல்ஸ் முழுசும் ஆர்க்கைவ்ஸ் ஆஃப் நெத்திஸ் வெப்சைட்டுல இலவசமா இருக்கு, புத்தகத்துக்கு வெள்ளி செலவு பண்ணிட்டுதான் ஆரம்பிக்கணும்னு இல்ல. ஒண்ணாம் லெவல்ல இருந்து வளர்த்துட்டு வர்ற டேபிளுக்கு 2024 போதும், கதைல நடந்ததுக்கு ஏத்த மாதிரி கிளாஸ் மாறுறது அதுல ரொம்ப அழகா வரும். 2014 புக்கோடயே இருக்கணும்னு அடம் புடிச்சா குறைஞ்சபட்சம் ஸ்மைட்டையும் ஆக்‌ஷன் சர்ஜையும் புது ரூல்ஸுக்கு மாத்திட்டு ஆடுங்க, அதையும் முதல் நாளே எல்லாரையும் வச்சுப் பேசிடுங்க, 17-ல வந்து ஒருத்தன் பில்டை மட்டும் வெட்டினா அவனுக்கு மனசு விட்டுப் போயிடும்.