சென்னையில் ஒரு திருமண அலங்காரப் பயிற்சி வகுப்பு: யாருக்குப் பயன்படும்?

திருமண மேடை அலங்காரத்தைத் தொழிலாகக் கொள்ள விரும்புவோருக்கென்று சென்னையில் நடத்தப்படும் குறுகிய காலப் பயிற்சி வகுப்பு ஒன்றை அண்மையில் முடித்தேன். நடத்துபவர்களே அலங்கார ஒப்பந்தங்களை எடுத்துச் செய்கிறவர்கள் என்பதாலும், வகுப்புகள் வார இறுதியில் மட்டும் நடப்பதாலும் அதில் சேர்ந்தேன். கட்டணம் குறைவன்று, தனியார் கலைக் கல்லூரி ஒன்றில் ஓராண்டுக்குக் கட்டுவதை நெருங்கும். அதற்கு ஈடானது கிடைக்கிறதா என்பது, இத்துறையில் நீங்கள் எந்த வேலைக்குப் போக எண்ணுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

முதலில், நன்றாகச் சொல்லித் தருவதைச் சொல்லிவிடுகிறேன். மேடையின் அகலத்தையும் உயரத்தையும் வீடியோ கேமரா நிற்கும் தூரத்தையும் அளந்துகொண்டு பேக்டிராப் எனும் மேடைப் பின்புற அலங்காரத்தை வரைவது, கூறைப்புடவையின் நிறத்தை அமுக்கிவிடாத பூக்களைத் தேர்வது, மண்டபத்தின் மஞ்சள் விளக்கொளியில் வெள்ளைச் சம்பங்கி எப்படித் தெரியும் என்று முன்கூட்டியே கணிப்பது ஆகியவற்றை ஆசிரியர்கள் பொறுமையாகக் கற்பித்தார்கள். ஸ்கெட்ச்அப் மென்பொருளில் மேடையை முப்பரிமாணமாக வரைந்து காட்டும் பயிற்சி, பாடத்திட்டத்திலேயே மிகச் சிறந்த பகுதி. பெரிய அலங்கார நிறுவனங்களில் வரைகிறவர் வேறு, மண்டபத்தில் நின்று வேலையை முடிக்கிறவர் வேறு. இரு வீட்டாரையும் சந்தித்து, அவர்கள் கைப்பேசியில் சேர்த்து வைத்திருக்கும் படங்களிலிருந்து அவர்களுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்பதைப் பிரித்தெடுத்து, வரைபடமாக்கித் தருகிற வடிவமைப்பாளர் வேலைக்கு இந்த வகுப்பு போதுமானது என்றே நினைக்கிறேன்.

பூ வேலைப் பாடத்தைப் பற்றி அப்படிச் சொல்ல இயலாது. ஏறக்குறைய எல்லாப் பயிற்சியும் பச்சை ஃபோம் கட்டியில் பூக்களைச் செருகுவதாகவே இருந்தது. 1954இல் அமெரிக்காவில் உருவான இந்தப் பொருள் ஒரு வகைப் பிளாஸ்டிக், எளிதில் மட்குவதில்லை. ஒரு மேடைக்குப் பெட்டி பெட்டியாகச் செலவாகிற இது மறுநாள் எங்கே போகிறது என்ற பேச்சே வகுப்பில் எழவில்லை. வாழைமட்டையில் பூச்செருகுவதும், தென்னங்குருத்தில் தோரணம் முடைவதும், நாரில் சரம் தொடுப்பதும் ஒரே பிற்பகலில் முடிந்துவிட்டன. அரளியையும் நொச்சி இலையையும் மடித்து மணி பதித்தாற்போலக் கட்டும் தோவாளை மாணிக்க மாலைக்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அப்படிப்பட்ட கைவேலை கன்னியாகுமரி மாவட்டத்தில் உயிரோடு இருக்கும்போது, தாய்லாந்து ஆர்க்கிட் பூவின் தண்டை வெட்டும் கோணத்துக்கு ஒரு முழு வகுப்பைச் செலவிட்டது எனக்கு உவப்பாக இல்லை.

எனினும் பெரிய குறை வேறு. நம் ஊர்த் திருமணங்களில் பெரும்பாலும் முதல் நாள் மாலை வரவேற்பும் மறுநாள் விடியலில் முகூர்த்தமும் ஒரே மண்டபத்தில், பல வேளைகளில் ஒரே மேடையில் நடக்கின்றன. கடைசி விருந்தினர் படம் எடுத்துக்கொண்டு இறங்கும்போது இரவு பத்தரை, பதினொன்று ஆகிவிடும். நாலரை மணி முகூர்த்தமென்றால் மூன்றரைக்கெல்லாம் ஐயர் வந்து ஹோமத்துக்கு இடம் கேட்பார். இடைப்பட்ட நேரத்தில் பேக்டிராப்பைப் பிரித்து, சோபாவை இறக்கி, மணவறையை நிறுத்தி, வாழைமரமும் தோரணமும் கட்டி, உதிர்ந்த பூவையும் பின்களையும் கூட்டியாக வேண்டும். எந்தச் சட்டம் முதலில் கழலும், எத்தனை ஆள் தேவைப்படும், முகூர்த்த மேடையின் பூ வேலையில் எவ்வளவைக் கோடவுனிலேயே முடித்து எடுத்து வரலாம் என்பதெல்லாம் சைட் இன்சார்ஜ் என்ற பொறுப்பில் இருப்பவரின் அன்றாடக் கணக்கு. இத்துறையில் நிலைத்தவர்கள் பலர் அந்தப் படியைத் தாண்டித்தான் வந்திருக்கிறார்கள். வகுப்பிலோ, இரவு வேலை நடக்கும் மண்டபத்துக்கு எங்களை அழைத்துச் செல்லவே இல்லை. மாலையில் முடிந்து நின்ற மேடையைக் காட்டியதோடு சரி.

கோயம்பேடு பூச்சந்தைக்கு அழைத்துப் போனதும் ஏறத்தாழ அப்படித்தான். முகூர்த்தம் இல்லாத ஒரு நாளின் காலை பத்து மணிக்குப் போனால், விலை எப்படி உருவாகிறது என்பதைப் பார்க்க முடியாது. லாரிகள் வந்து இறங்குகிற நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில், பெரிய முகூர்த்த நாளுக்கு முன்தினம், அதே சந்தையில் ஒரு மணி நேரம் நின்றால் போதும். பனியால் மல்லிகை வரத்துக் குறையும் தை மாதத்தில் கிலோ சில ஆயிரம் ரூபாய்க்குப் போவதுண்டு. மூன்று மாதங்களுக்கு முன் ஒரு தொகைக்கு ஒப்புக்கொண்டு அட்வான்ஸ் வாங்கியவர் அந்த ஏற்றத்தை எங்கே ஈடுகட்டுவார்? எந்தப் பூவுக்கு மாற்றாக எதை வைக்கலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளும் வழக்கத்தை, பாடத்தில் அல்லாமல், தேநீர் இடைவேளையில் பூக்கட்டும் தொழிலாளி ஒருவரிடமிருந்துதான் அறிந்தேன்.

சொந்தமாகத் தொழில் தொடங்க நினைப்போர் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் இந்துத் திருமணங்கள் அநேகமாக நடப்பதில்லை. புரட்டாசியையும் பலர் தவிர்க்கிறார்கள். அந்த மாதங்களிலும் கோடவுன் வாடகையும் நிரந்தர ஆட்களின் சம்பளமும் நிற்பதில்லை. கிறிஸ்தவ, இஸ்லாமியத் திருமணங்கள், வளைகாப்பு, நிறுவனங்களின் ஆண்டு விழாக்கள் ஆகியவற்றைக் கொண்டு இடைவெளியை நிரப்புவது எப்படி என்று ஒரு வகுப்பாவது இருந்திருக்கலாம். சீர்வரிசைத் தட்டு அலங்காரத்தைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. வீட்டிலிருந்தபடி சிறு முதலீட்டில் பெண்கள் பலர் இத்துறைக்குள் நுழைகிற வாசல் அதுதான் என்பதால், அந்த மௌனம் வியப்பளித்தது.

வேலை வாங்கித் தருவதாக அவர்கள் உறுதி கூறவில்லை. அந்த நேர்மையைப் பாராட்ட வேண்டும். முடிவில் தரும் சான்றிதழை, நான் விசாரித்த நிறுவனங்கள் எதுவும் பொருட்படுத்தவில்லை. எல்லோரும் செய்த வேலையின் படங்களைத்தான் கேட்டார்கள். வகுப்பில் கட்டிய இறுதி மேடை அனைவருக்கும் பொதுவானது என்பதால் எல்லோருடைய கோப்பிலும் ஒரே படம் இருக்கிறது. ஆகவே சேர்கிறவர்கள், தாம் தனியே வரைந்தவற்றையும் சிறிய அளவில் தாமே கட்டியவற்றையும் தொடக்கத்திலிருந்தே படமெடுத்து வைத்துக்கொள்வது நல்லது. முகூர்த்தங்கள் மிகுந்த ஆவணியிலோ தையிலோ தொடங்கும் பயிற்சிக் குழுவில் இடம் கேட்டு, இரவு வேலைக்கு அழைத்துச் செல்வார்களா என்பதைப் பணம் கட்டும் முன்பே எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.