ஸ்டுட்கார்ட்டில் உள்ளூர் உணவு: கையைக் கடிக்காமல் சாப்பிடும் வழிகள்

ஸ்டுட்கார்ட் ஜெர்மனியில் வாழ்க்கைச் செலவு அதிகமான நகரங்களுள் ஒன்று. மாலையில் நகர மையத்து உணவகம் ஒன்றில் உட்கார்ந்து ஒரு தட்டு உணவும் ஒரு பானமும் கேட்டால் கட்டணம் எளிதாக 25 யூரோவைத் தாண்டிவிடுகிறது. இதனாலேயே படிப்புக்கும் வேலைக்கும் வருகிற நம்மவர்களில் பலர் வெளியே சாப்பிடுவதை விட்டுவிடுகிறார்கள், அல்லது டோனர் கடையோடு நின்றுவிடுகிறார்கள். பல ஆண்டுகளாக இங்கே வசித்து, இந்த ஊர்ச் சமையலை விரும்பிச் சாப்பிட்டு வருபவன் என்ற முறையில் அதற்கு மாறான ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: இந்த நகரத்தின் மிகச் சிறந்த உணவுகள் அதன் மலிவான உணவுகளே. ஸ்டுட்கார்ட்டை உள்ளடக்கிய சுவாபியா வட்டாரத்தின் சமையல் மாவு, முட்டை, பருப்பு, கிழங்கு, முட்டைக்கோஸ் ஆகியவற்றை வைத்துக் குடும்பத்தின் பசி தீர்த்த உழவர்களின் சமையல். அதை உரிய இடத்தில், உரிய நேரத்தில் கேட்டால் விலையும் அதற்கேற்றபடியே இருக்கிறது.

முதலில் பரிந்துரைப்பது பருப்பும் ஷ்பெட்ஸ்லேயும் சேர்ந்த தட்டு. பருப்பு என்றால் நம் மைசூர்ப் பருப்பின் இனமேதான், தோலோடு முழுதாக இருக்கும். காரட், லீக், செலரிக் கிழங்கு ஆகியவற்றோடு குழைய வேகவைத்து, வறுத்த மாவு சேர்த்துக் கெட்டியாக்கி, இறுதியில் வினிகர் ஊற்றுகிறார்கள். ஷ்பெட்ஸ்லே என்பது முட்டை மிகுந்த தளர்வான மாவை நனைத்த பலகையில் பரப்பி, கத்தியால் மெல்லிய கீற்றுகளாகக் கொதிநீரில் சீவிவிட்டு, மேலே மிதந்து வந்ததும் அரித்தெடுப்பது. இயந்திரத்தில் பிழிந்தது ஒரே அளவாக வழவழப்பாக இருக்கும். கையால் சீவியது கோணல்மாணலாக, இடையிடையே தடித்து, பருப்பைப் பிடித்துக்கொள்ளும். இந்த வேறுபாடு சுவையில் தெளிவாகத் தெரிகிறது. தட்டின் மேல் வேகவைத்த சைட்டன்வூர்ஸ்ட்லே என்ற மெல்லிய தொத்திறைச்சி ஒரு இணை வைத்துத் தருவார்கள். மேசையில் வினிகர்ப் புட்டி இருந்தால் தயங்காமல் இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொள்ளலாம். உள்ளூர்க்காரர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். புளிப்பு ஏறிய பருப்பு நமக்கு அந்நியமான சுவை அன்று.

இந்தப் பருப்புக்கு ஒரு வரலாறும் உண்டு. நகரத்துக்குத் தெற்கே உள்ள சுவாபிய ஆல்ப் மேட்டுநிலத்தில் முற்காலத்தில் பருப்பு பரவலாக விளைந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு அந்தச் சாகுபடி ஏறக்குறைய மறைந்துபோயிற்று. 1980களில் சிலர் அதை மீண்டும் தொடங்கினர். அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட பழைய ஆல்ப் இனங்களின் விதைகள் 2006இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் உள்ள வவிலோவ் நிறுவனத்தின் விதைச் சேகரிப்பில் கண்டுபிடிக்கப்பட்டன. பருப்புச் செடி தானாக நிமிர்ந்து நிற்காது என்பதால் ஓட்ஸ், பார்லி போன்ற தானியத்தோடு ஊடுபயிராக விதைக்கிறார்கள். இன்று ‘ஆல்ப்லைசா’ என்ற பெயரில் கிடைக்கும் இந்தப் பருப்பு சாதாரணப் பருப்பைவிடப் பல மடங்கு விலை. உணவுப்பட்டியலில் அந்தப் பெயரைக் கண்டால் சில யூரோ கூடுதலாக இருந்தாலும் ஒருமுறையாவது கேட்டுச் சாப்பிடுங்கள். மணிகள் சிறுத்து, கரையாமல், கொட்டையின் வாசத்தோடு இருக்கும்.

அடுத்தது மௌல்டாஷன். இறைச்சி விழுது, பசலைக்கீரை, ஊறவைத்த ரொட்டி, வெங்காயம், பார்ஸ்லி ஆகியவற்றைப் பிசைந்து மாவுத் தாளில் மடித்து வேகவைத்த பொட்டலம் இது. 2009 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பு இதற்கு உண்டு. ஷ்பெட்ஸ்லேக்கு அது 2012இல் கிடைத்தது. தெளிந்த மாட்டிறைச்சிச் சாற்றில் மிதக்கவிட்டு, வெண்ணெயில் பொன்னிறமாக வதக்கிய வெங்காயத்தைத் தூவி, அல்லது துண்டுகளாக்கி முட்டையோடு வறுத்து என மூன்று வகையாகப் பரிமாறுவார்கள். மூன்றிலும் எனக்குப் பிடித்தது வறுத்ததுதான்; மாவின் ஓரம் மொறுமொறுப்பாகி, முட்டை அதில் ஒட்டிக்கொள்ளும். வீட்டில் சமைப்பவர்கள் பேரங்காடியின் குளிர்பெட்டியில் பக்கத்து ஊரான டிட்ஸிங்கனைச் சேர்ந்த பியூர்கர் நிறுவனத்தின் மௌல்டாஷனை வாங்கலாம். சில யூரோவுக்குக் கிடைக்கும் ஒரு பொட்டலம் இருவர் வயிற்றை நிரப்பும். காய்கறி வகையும் உண்டு.

இவற்றை எங்கே சாப்பிடுவது? இறைச்சிக்கடை என்பதே என் முதல் பதில். இங்குள்ள மெட்ஸ்கராய் கடைகள் பலவற்றில் ஒரு பக்கம் சூடான உணவு மேடை இருக்கும். வாரநாள்களில் பதினொன்றரை மணி முதல் இரண்டு மணி வரை அன்றைய உணவு என்று ஓரிரண்டு வகைகள் எழுதி வைத்திருப்பார்கள். உட்கார நாலைந்து உயரமான மேசைகள், பல இடங்களில் நின்றுகொண்டே சாப்பிட வேண்டும். ஆனால் கட்டட வேலைக்காரரும் வங்கி ஊழியரும் ஒரே வரிசையில் நிற்கும் அந்த மேடையில் 10 யூரோவை ஒட்டிய விலைக்குக் கிடைக்கும் பருப்பும் ஷ்பெட்ஸ்லேயும், மாலையில் இரு மடங்கு விலை கொடுத்து நான் சாப்பிட்ட பலவற்றைவிட மேலானவை. அவ்வளவு பசி இல்லையென்றால் லேபர்கேஸ், அதாவது அரைத்த இறைச்சியைக் கட்டியாகச் சுட்டது, வைத்த ரொட்டி போதும். சூடான கட்டியிலிருந்து எவ்வளவு தடிமனாக அறுக்க வேண்டும் என்று கத்தியை வைத்துக்காட்டிக் கேட்பார்கள். எடை பார்த்து விலை போடுவதால் அங்கேயே சொல்லிவிடுவது நல்லது. கடுகுப் பசை தடவி, மேல்மூடி அழுந்தக் கொடுக்கும் அந்த ரொட்டி சுமார் 4 யூரோ.

விலை ஏறியதற்கு வரியும் ஒரு காரணம். பெருந்தொற்றுக் காலத்தில் 7 விழுக்காடாகக் குறைக்கப்பட்ட உணவக வரி 2024 ஜனவரியில் மீண்டும் 19 விழுக்காடாகி, 2025 இறுதி வரை நீடித்தது. எடுத்துச் செல்லும் உணவுக்கு 7 விழுக்காடே தொடர்ந்தது. பட்டியல் விலைகள் சட்டென்று உயர்ந்தது 2024 தொடக்கத்தில்தான்.

காலை உணவுக்குப் பிரெட்செல் என்ற முடிச்சு வடிவ ரொட்டி. சுவாபிய பிரெட்செலின் வயிறு தடித்து, கத்தியால் கீறப்பட்டு, வெண்மையாகப் பிளந்திருக்க வேண்டும். கைகள் மெலிந்து, கடித்தால் நொறுங்க வேண்டும். குறுக்கே அறுத்து வெண்ணெய் தடவியதைக் கேளுங்கள், ஏறக்குறைய 2 யூரோ. ரயில் நிலையக் கடைகளைவிடச் சொந்தமாகச் சுடும் சிறு அடுமனைகளே மேல்.

சைவ உணவினர் கவனிக்க வேண்டியவை உண்டு. பருப்பில் பெரும்பாலும் பன்றிக் கொழுப்புத் துண்டு சேர்ந்திருக்கும். இந்த ஊர் உருளைக்கிழங்கு சாலட்டில் மயோனைஸ் கிடையாது. சூடான இறைச்சிச் சாறு, வினிகர், எண்ணெய் ஊற்றித்தான் கலக்கிறார்கள், ஆகவே பார்வைக்குச் சைவமாக இருந்தாலும் கேட்டுவிட்டு உண்ணுங்கள். முட்டை உண்பவர்கள் நம்பிச் சாப்பிடத் தக்கது கேஸ்ஷ்பெட்ஸ்லே: மலைப் பாலாடைக்கட்டி உருகி இழையும் ஷ்பெட்ஸ்லேயின் மேல் வறுத்த வெங்காயம். பாதியிலேயே வயிறு நிறைந்துவிடும். மீதியைக் கட்டித் தரச் சொன்னால் தயங்காமல் தருவார்கள்.

நான் மிகவும் விரும்புவது பேசன்விர்ட்ஷாஃப்ட், சுருக்கமாகப் பேசன்; ‘துடைப்ப உணவகம்’ என்று பொருள். நகர எல்லைக்குள்ளேயே திராட்சைத் தோட்டங்கள் உள்ள ஊர் இது. பிரதான ரயில் நிலையத்துக்கு மேலுள்ள சரிவில்கூடத் திராட்சை விளைகிறது. ஒயின் தயாரிக்கும் குடும்பங்கள் ஆண்டில் நான்கு மாதங்களுக்கு மிகாமல், 40 இருக்கைகளுக்குள், தங்கள் சொந்த ஒயினையும் எளிய உணவையும் விற்கச் சட்டம் அனுமதிக்கிறது. வாசலில் துடைப்பம் தொங்கினால் திறந்திருக்கிறது என்று பொருள். ஊல்பாக், ரோட்டன்பெர்க், ஓபர்டியூர்க்ஹைம் பகுதிகளில் இவை அதிகம். எஸ்1 புறநகர் ரயிலில் ஓபர்டியூர்க்ஹைம் போய், அங்கிருந்து பேருந்தில் ஊல்பாக் அடையலாம். பழைய கொட்டகையிலோ பாதாள அறையிலோ நீண்ட பெஞ்சில் முன்பின் தெரியாதவர்களோடு நெருக்கியடித்து உட்கார வேண்டும். இடம் இருக்கிறதா என்று கேட்டதும் அவர்கள் நகர்ந்து கொடுப்பார்கள், சிறிது நேரத்தில் பேச்சும் தொடங்கிவிடும். புளித்த முட்டைக்கோஸோடு தொத்திறைச்சித் தட்டு, மௌல்டாஷன், இலையுதிர்காலத்தில் புது ஒயினோடு வெங்காய அடை. கைப்பிடி வைத்த கண்ணாடிக் குவளையில் கால் லிட்டர் ட்ரோலிங்கர் என்ற உள்ளூர்ச் சிவப்பு ஒயின் நகர உணவகத்தைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். மது அருந்தாதவர்கள் திராட்சைச் சாறு கேட்கலாம்.

மாணவர்களுக்கு ஹோல்ஸ்கார்ட்டன் தெருவில் உள்ள பல்கலைக்கழக உணவுக்கூடம் இருக்கிறது. வெளியாரும் சற்றே கூடுதல் விலையில் சாப்பிடலாம். 1914இல் திறக்கப்பட்ட மார்க்ட்ஹல்லே கட்டடத்தை அவசியம் பாருங்கள், ஆனால் பொருள்களை அருகிலுள்ள ஷில்லர்பிளாட்ஸ் வாரச்சந்தையில் செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் வாங்குங்கள். உணவகத்தில் தண்ணீருக்கும் காசு உண்டு. பாட் கான்ஷ்டாட் ஊற்றுகளிலோ இரும்பு வாடையுள்ள கனிமநீர் இலவசமாகவே ஓடுகிறது.

இறைச்சிக்கடைகள் சனிக்கிழமை மதியத்தோடு மூடிவிடும். உணவகங்கள் பலவற்றுக்குத் திங்கள் விடுமுறை. மதியம் இரண்டு முதல் ஐந்து வரை அடுப்பு எரியாத இடங்களும் நிறைய. பேசன்கள் திறந்திருக்கும் வாரங்கள் குடும்பத்துக்குக் குடும்பம் மாறுவதால், கிளம்பும் முன் தேதியைப் பார்த்துக்கொண்டு, கையில் ரொக்கமும் வைத்துக்கொள்ளுங்கள்; அட்டை வாங்காத இடங்கள் அவற்றில் இன்னும் உண்டு.