இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் 48கே: பழுது பார்த்து ஓட்டிக்கொண்டிருக்கும் அனுபவம்

சின்ன வயதில் பேசிக் (BASIC) என்ற புரோகிராமிங் மொழியைப் பழகிய அதே சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டர் இப்போது மறுபடியும் என் மேசையில் ஓடுகிறது. 1982-ல் பிரிட்டனில் வெளிவந்த மெஷின், சித்தப்பா லண்டனிலிருந்து ஊருக்கு வந்தபோது வாங்கி வந்தது. சரி செய்து சில வருஷம் ஆகிவிட்டது, வாரக் கடைசியில் பிள்ளைகளும் நானும் மாற்றி மாற்றி உட்காருகிறோம், அதனால் எது தாங்குகிறது, எது படுத்துகிறது என்று தைரியமாகச் சொல்லலாம்.

பரணிலிருந்து எடுத்ததும் பிளக்கில் சொருகிவிடாதீர்கள். முதலில் அடாப்டரைப் பாருங்கள். 9 வோல்ட்தான், ஆனால் பின்னின் நடுப்பகுதி நெகட்டிவ்; இப்போது கடையில் கிடைப்பவை பெரும்பாலும் நடுவில் பாசிட்டிவ். அடுத்தது மெமரி. கீழ் 16கே-வுக்கு (16 கிலோபைட்) 4116 என்ற எட்டு சிப்புகள், ஒவ்வொன்றுக்கும் +5, +12, −5 என மூன்று வோல்டேஜ் வேண்டும். அந்த 12-ம் −5-ம் போர்டிலேயே ஒரு கம்பிச் சுருள் (coil), டிஆர்4, டிஆர்5 என்ற டிரான்சிஸ்டர்கள் வழியாக உண்டாகின்றன. டிஆர்4 போனால் −5 நின்றுவிடும், அது இல்லாமல் கரண்ட் ஓடினால் சிப்புகள் ஒவ்வொன்றாகச் சாகும். மல்டிமீட்டரில் சிப்பின் 1-ம் காலில் −5, 8-ல் 12, 9-ல் 5 வருகிறதா பாருங்கள். என் போர்டில் −5 வரவே இல்லை. டிஆர்4 மாற்றிய பிறகும் திரை முழுக்க கலர் கலராகப் பட்டைகள்தான், ஒரு சிப் மட்டும் விரல் வைக்க முடியாத சூடு. அதை எடுத்துவிட்டு சாக்கெட் போட்டு வேறு சிப் வைத்ததும் வெள்ளைத் திரை வந்து, கீழே சின்க்ளேர் ரிசர்ச் என்ற வரி தெரிந்தது. அந்த சந்தோஷத்துக்கு ஈடே இல்லை.

மேல் மெமரியும் சரியா என்று பார்க்க, PRINT PEEK 23732 + 256 * PEEK 23733 என்று அடியுங்கள். 65535 வந்தால் முழு 48கே-வும் இருக்கிறது. 32767 வந்தால் 16கே மெஷினாகத்தான் ஓடுகிறது.

எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் எல்லாம் புதுசு. 5 வோல்ட் தரும் 7805 ரெகுலேட்டர் பயங்கரமாகச் சுடும், அதற்குப் பதில் ஸ்விட்சிங் ரெகுலேட்டர் போட்டேன், மணிக்கணக்கில் ஓடினாலும் கீபோர்டின் கீழே சூடே தெரிவதில்லை. படத்தை டிவி ஆன்டெனா சிக்னலாக மாற்றும் மாடுலேட்டரைத் தாண்டி காம்போசிட் வீடியோவை நேராக எடுத்துக்கொண்டது இன்னொரு நல்ல காரியம், படம் எவ்வளவோ தெளிவு. இதற்கெல்லாம் செலவு பண்ணலாம், தாராளமாக.

படுத்துவது கீபோர்டு ஃபிலிம்தான், சாவிகளுக்கு அடியில் இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் ஷீட். பழசு காய்ந்து மொறமொறவென்று ஆகியிருந்தது, பட்டை மடங்கும் இடத்தில் விரிசல் விழுந்து ஒரு வரிசை சாவிகளே போய்விட்டன. புது ஃபிலிம் இப்போதும் செய்து விற்கிறார்கள். ரப்பர் சாவிகள் ஒரிஜினலே, அப்படியே நன்றாக இருக்கின்றன.

கேம் லோட் பண்ண கேசட்டுக்குப் பதில் போனின் ஹெட்போன் ஜாக்கிலிருந்து இயர் சாக்கெட்டுக்கு ஒரு வயர், வால்யூம் முழுசாக. போன் ஃபிளைட் மோடில் இருக்கட்டும், நடுவில் ஒரு மெசேஜ் சத்தம் வந்தாலே லோடிங் கெட்டுவிடும். எஸ்டி கார்டு இன்டர்ஃபேஸும் வைத்திருக்கிறேன், அதில் நொடியில் கேம் வந்துவிடுகிறது, ஆனால் பிள்ளைகள் வயரைத்தான் கேட்கிறார்கள்: முதலில் சிவப்பும் வெளிர்நீலமுமாகப் பட்டை, அப்புறம் நீலமும் மஞ்சளும், சில நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

புது ஃபிலிம் வாங்கும்போதே இன்னொன்றும் சேர்த்து வாங்கி வையுங்கள்.